மஞ்சள்வேர்த் திருடி

ஸ்பைசர் பள்ளத்தாக்கில் செடி கொடுத்தவளுக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். சொன்னால் செடி செத்துப்போகும். வாங்குகிறவள் முகத்தைச் சுளித்து, "இது எங்க உருப்படப் போவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போவாள். அதுதான் மரியாதை. சபைக்குப் புதிதாக வந்த ஒரு போதகர், வெளியூர்க்காரர், விவரம் தெரியாமல் ஒரு தக்காளி நாற்றுக்கு வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டார். மறுநாள் நாற்று பட்டுப்போனது. அதைக் கட்டி நிறுத்த ஊன்றிய குச்சியும் பட்டுப்போனது. குச்சி முன்பே செத்ததுதானே என்று கேட்கிறவர்கள் அந்தக் குச்சியை நேரில் பார்த்ததில்லை.

வெர்டா லெட்ஃபோர்டுக்கு இதெல்லாம் தொட்டிலில் கிடக்கும்போதே தெரியும். தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அதுவும் இருநூறு பெண்களுக்கு முன்னால், மைக்கில்.

வெர்டா பேச்சுக்காரி. ஒரு தடவை ஓடைக்கரையில் தபால்காரரை நிறுத்தி ரெண்டு வார்த்தை பேசலாம் என்று கைத்தடியை ஈர மண்ணில் ஊன்றினாள். பேசி முடித்து எடுக்கப் போனால் தடி வரவில்லை. வேர் விட்டிருந்தது. இன்றைக்கு அதன் நிழலில் நாலு மாடு படுக்கிறது. அவள் வீட்டுக்கு அரை மைல் மேலே, மலைச்சரிவில் ஓலீட்டா ஹென்ஸ்லியின் வீடு. ஓலீட்டா ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரே கரண்டியில் அள்ளிவிடலாம். இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே காட்டில் வேர் தோண்டி, ஒரே கோடையில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வெர்டாவின் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். அவன் காது ஓய்வு கேட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

கொடுப்பவள் எப்போதும் ஓலீட்டாதான். அவள் சரிவில் கண்ணை மூடிக்கொண்டு துப்பினாலும் அது முளைக்கும். மஞ்சள்வேர், ரத்தவேர், ஜின்செங் என்று எந்த மூலிகை வந்தாலும் ஒரு கொத்தைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு இறங்கி வருவாள்.

"ஏண்டி, இந்தக் குப்பைய எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்பாள் வெர்டா.

"என் வீட்டுல குப்ப போட எடமில்ல."

"உன் மூஞ்சி மாதிரியே வாடிப் போயிருக்கு. நட்டா நாலு நாள் தாங்காது."

"தாங்கலன்னா போவுது. காப்பி இருக்கா?"

நாற்பது வருடமாக இதுதான் பேச்சு. செடி ஒன்றுகூடச் சாகவில்லை.

வருடா வருடம் ஜூனில் ஊரில் நடக்கிற மூலிகைக் கூட்டமும் அப்படிச் சின்னதாகத் தொடங்கியதுதான். சபைக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் ஒரு பானையில் களிம்பு காய்ச்சினார்கள். அந்த வாசனை எப்படியோ மலையைத் தாண்டி நகரத்துக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த வருடங்களில் ஆஷ்வில்லில் இருந்தும் அட்லாண்டாவில் இருந்தும் பெண்கள் கூடாரத்தோடு வந்து இறங்கினார்கள். வேரை எப்படித் தோண்டுவது, கஷாயம் எப்படி இறக்குவது என்று கற்றுக்கொண்டார்கள். சிலர் மூச்சு விடக் கற்றுக்கொள்ளவும் காசு கட்டினார்கள். வெர்டா பாடம் எடுத்தாள். ஓலீட்டா சமைத்தாள்.

ஓலீட்டாவின் சமையல் என்றால் பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும். பீன்ஸில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கொஞ்சம் என்றால், அந்தப் பானையை ஓடையில் கழுவிய வாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் பிடித்த மீனுக்கு யாரும் உப்புப் போடவில்லை. ராத்திரியில் மான்கள் வரிசையில் நின்று சமையல் கூடாரத்தின் துணியை நக்கிவிட்டுப் போகும். "உப்புக் கப்பல் ஏதாச்சும் கவுந்துச்சாடி?" என்று வெர்டா வருடா வருடம் கேட்பாள். "தின்னா தின்னு, இல்லாட்டி போ" என்பாள் ஓலீட்டா. வெர்டா ரெண்டு கிண்ணம் தின்பாள்.

நகரத்துப் பெண்களுக்குக் கூடாரம் வேண்டும், கழிப்பறை வேண்டும், மழைக்கு ஒதுங்கக் கொட்டகை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பணம். டிக்கெட் காசோ ஜூன் மாதம் வாசலில்தான் கைக்கு வரும். அதற்காகத்தான் ஒவ்வொரு குளிர்காலமும் இருவரும் வெர்டாவின் பிக்கப் வண்டியில் டவுனுக்குப் போய் மலைநாட்டு மகளிர் கடன் சங்கத்தில் சிறுதொழில் கடன் வாங்குவார்கள். அந்தச் சங்கம் ஒற்றை ஆளுக்குக் கடன் கொடுக்காது. ஜோடியாக வர வேண்டும், ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி தாங்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு ஹாட்டாக் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். கடனை அடைப்பது கூட்டத்தில் வைக்கும் செடிக்கடை. வெர்டாவின் மரநிழல் பாத்தியில் வளர்ந்த மூலிகைகளைத் தொட்டியில் வைத்து விற்பார்கள். அந்தப் பாத்தியில் ஓலீட்டா கொடுக்காத செடி ஒன்றும் கிடையாது.

அந்த வருடக் கூட்டத்தின் கடைசி நாளில் சங்கத்திலிருந்து ட்ரூடி வந்தாள். கடன் பார்க்கிற பெண், நல்லவள், சிரிக்கும்போது தோளும் சேர்ந்து சிரிக்கும். கூடவே சங்கத்துக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதர்கள் நாலு பேரைக் கூட்டிவந்திருந்தாள்.

"வெர்டாக்கா, மைக்குல ரெண்டு வார்த்த நன்றி சொல்லிடுங்க. அடுத்த வருஷம் சமையலுக்குப் பெரிய கூடாரம் கேட்டிருக்கீங்கல்ல? இவங்க மனசு குளிரணும்."

"ரெண்டு வார்த்ததான? அதுக்கென்ன."

வெர்டாவுக்கு ரெண்டு வார்த்தை என்பது மாட்டுக்கு ரெண்டு புல் மாதிரி. சங்கத்துக்கு நன்றி சொன்னாள். பெரிய மனிதர்களுக்குச் சொன்னாள். கழிப்பறை கொண்டுவந்த லாரிக்காரனுக்குச் சொன்னாள், லாரிக்கும் சொன்னாள். நகரத்துப் பெண்கள் கை தட்டத் தட்ட அவள் பேச்சு பிரேக் இல்லாத வண்டியாகச் சரிவில் உருள ஆரம்பித்துவிட்டது. "என் ஜோடி ஓலீட்டாவுக்கு நன்றி" என்றாள். "அவ குடுத்த மஞ்சள்வேருக்கு நன்றி, ரத்தவேருக்கு நன்றி, ஜின்செங்குக்கு நன்றி. நாப்பது வருஷமா நான் சொன்னதே இல்ல. இன்னைக்கு எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லிடறேன்."

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. உள்ளூர்ப் பெண்கள் எல்லோரும் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நகரத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். சமையல் கூடார வாசலில் ஓலீட்டா கரண்டியோடு நின்றிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கரண்டியின் மேல் வைத்தாள். பிறகு மேட்டுப்பாதையில் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

ஜூலை மாதம் வெர்டாவின் பாத்தி அழுக ஆரம்பித்தது. முதலில் மஞ்சள்வேர் இலைகள் கறுத்துத் தொங்கின. தோண்டிப் பார்த்தால் கீழே வேர் கூழாக இருந்தது. பிறகு ரத்தவேர், பிறகு ஜின்செங். பாத்தி ஓரம் கிடந்த மண்வெட்டியின் பிடிகூட உளுத்து உடைந்தது. விவசாய ஆபீசர் வந்து, மண்ணைக் கிள்ளி மோந்துபார்த்து, மழை அதிகம், பூஞ்சை என்றார். வெர்டா தலையாட்டினாள். அதே மழைதான் அரை மைல் மேலேயும் பெய்தது. ஓலீட்டாவின் சரிவில் ஒரு இலை கறுக்கவில்லை.

வெர்டா மலையேறிப் போனாள். ஓலீட்டாவின் புருஷன் கிளோவிஸ் வராந்தாவில் உட்கார்ந்து, காலடியில் கிடந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவ இருக்காளா?"

"தூங்குறா."

"பகல்லயா?"

"ஆமா."

அடுத்த வாரமும் தூங்கினாள். அதற்கடுத்த வாரமும் தூங்கினாள். ஆகஸ்டில்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஓலீட்டாவை ஆஷ்வில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வெர்டா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜூனில் நன்றி. ஜூலையில் செடி. ஆகஸ்டில் ஓலீட்டா. இதற்கு மேல் அவளுக்கு எந்த டாக்டரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்தான் கொன்றேன், இந்த வாயால் கொன்றேன் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலைதான் இருந்தது. ஓலீட்டா போவதற்குள் அந்த நன்றியைத் திருப்பி எடுத்தாக வேண்டும்.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாம். சொன்ன சொல்லை எந்தக் கையால் எடுப்பது?

அதற்கு விடையைக் கொண்டுவந்தவர் கிளோவிஸ். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வியாழக்கிழமை நான் டவுனுக்குப் போறேன். நாயையும் கூட்டிட்டுப் போறேன்."

"சரிண்ணே."

"சாயந்தரம்தான் வருவேன்."

"சரி."

"ஓலீட்டா சொந்தமா எழுந்து நடக்குறதில்ல இப்போ. சரிவுல எவன் வந்து என்னத்தத் தோண்டிட்டுப் போனாலும் அவளால வெரட்ட முடியாது." தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். "நான் ஒண்ணும் சொல்லல. அவளும் ஒண்ணும் சொல்லல."

போய்விட்டார். வெர்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் நன்றி சொன்ன செடி பிழைக்காது என்று தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். திருடிய செடி சாகாது, அது பிழைத்தால் சொன்ன நன்றியும் சொன்னவளிடமே திரும்பிவிடும். பாப்டிஸ்ட் சபையின் வாசலில் இருக்கிற லைலாக் பூச்செடி மெதடிஸ்ட் சபையில் திருடியது, மெதடிஸ்ட் சபையில் இருப்பது பாப்டிஸ்ட் சபையில் திருடியது, ரெண்டும் கோபுர உயரம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. திருடிய செடியை நட்டு, அதன் மேல் ஒரு மழை விழுகிற வரை, திருடி சொந்தக்காரியின் கண்ணில் படக்கூடாது, பேச்சும் கொடுக்கக்கூடாது. பட்டால் அது திருட்டு இல்லை, வெறும் கொடை.

வியாழக்கிழமை வெர்டா சாக்கோடு சரிவேறினாள். அறுபத்தேழு வயதில் அவள் செய்த முதல் திருட்டு. பட்டப்பகலில் புதருக்குப் புதர் குனிந்து ஓடினாள். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மிச்சத்தை நிமிர்ந்தே நடந்தாள்.

மஞ்சள்வேர் இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையில் வேர் தோண்டுகிற சிறு கடப்பாரை சாய்த்து வைத்திருந்தது. புதிதாகத் தீட்டியது. கட்டையின் மேல் துணியில் சுற்றிய சோள ரொட்டி, இன்னும் சூடு. வீட்டின் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு, வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு ஓலீட்டா உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து எவ்வளவு மெலிந்துவிட்டது என்று அங்கிருந்தே தெரிந்தது.

வெர்டா குனிந்து தோண்டினாள்.

"யாரோ திருடி வந்திருக்கா போல" என்றாள் ஓலீட்டா, எதிர்ச் சுவரைப் பார்த்து, உரக்க. "நான் பாக்கல. என்னால எந்திரிக்க முடியாது."

வெர்டாவின் கை நின்றது. பிறகு மறுபடி தோண்டியது.

"தோண்டத் தெரியாத திருடி. சத்தத்தக் கேட்டாலே தெரியுது, வேர அறுக்குறா. இடது பக்கம் பாறைக்குக் கீழதான் நல்ல வேர் இருக்கு. அது எந்தத் திருடிக்கும் தெரியாது."

வெர்டா இடது பக்கம் போனாள்.

"பாறைக்குக் கீழன்னேன். பாறைக்கு மேல இல்ல."

வெர்டா கீழே போனாள். மஞ்சள்வேர் அங்கே விரல் தடிமனில் இருந்தது. வாய்க்குள் நூறு பதில் முட்டியது. பல்லைக் கடித்து எல்லாவற்றையும் விழுங்கினாள். வாழ்நாளில் அவள் விழுங்கிய பேச்சு அன்றைக்கு விழுங்கியது மட்டும்தான்.

பிறகு ஓலீட்டா பேசினாள். கரண்டி கணக்கில் பேசுகிறவள் அன்றைக்குப் பானையோடு கவிழ்த்தாள்.

"எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா. வாய் நீளம், அறிவு கம்மி. அவ நன்றி சொன்னதாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு சாப்பிடாமக் கெடக்குறாளாம். டாக்டர் எனக்கு மார்ச் மாசமே சொல்லிட்டான். கூட்டம் முடியட்டும்னு நான் யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டயும் சொல்லல. அன்னைக்குப் பாத்து அவ மைக்கப் புடிச்சு நாப்பது வருஷத்துக்கும் சேத்து நன்றி சொல்றா. கடைக்காரன்கிட்ட சில்லறைய வாங்கிட்டுக் கெளம்பும்போது சொல்ற மாதிரி. கணக்கு முடிஞ்சுது, போயிட்டு வான்னு சொல்ற மாதிரி." மூச்சு வாங்கினாள். "எப்படியோ தெரிஞ்சுபோயி எனக்கு வழியனுப்புறாளோன்னு நெனச்சேன். அவ முன்னால அழுதுடுவேன்னு பயந்து வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் கோவம் வந்துடுச்சு. அந்தக் கோவத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். அது சௌகரியமா இருந்துச்சு."

வெர்டா மண்ணில் மண்டியிட்டு, முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

"அவ மட்டும் இங்க இருந்தா சொல்லுவேன்" என்றாள் ஓலீட்டா. "இல்லையே. இங்க இருக்கறது திருடிதான். ஏ திருடி, ரொட்டிய எடுத்துட்டுப் போ. ஆறிடும்."

வெர்டா சாக்கை நிரப்பிக்கொண்டு இறங்கினாள். அழுகிய பாத்திக்குப் பக்கத்தில் புது மண் வெட்டி, பொழுது சாயும்வரை நட்டாள். ரொட்டியை நின்றபடியே தின்றாள். இனி ஒரு மழைதான். மலையில் மழைக்கு என்ன பஞ்சம்? நாலு நாளில் பெய்யும், ஐந்தாம் நாள் போய் வாய் நிறையத் திட்டலாம்.

அந்த அக்டோபரில் மழை பெய்யவில்லை.

ஒரு துளியும் இல்லை. ஸ்பைசர் ஓடை சுருங்கிச் சுருங்கி, மீன் பிடித்தவர்கள் முதலில் மீனைத் தூசி தட்டித்தான் கூடையில் போட்டார்கள். வெர்டா காலையும் மாலையும் குடத்தால் ஊற்றினாள். செடி குடித்தது. ஆனால் குடத்துத் தண்ணீர் மழை ஆகாது.

ட்ரூடி அடுத்த வருடக் கடனைப் பற்றிப் பேச வந்தபோது வெர்டாவை வீட்டில் காணவில்லை. பாத்திக்கு மேலே, மரத்தில், பூவாளியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, அக்கா! எறங்குங்க!"

"நீ படிச்சவ. சொல்லு, மேலேர்ந்து விழுந்தா அது மழதான?"

பூவாளித் தண்ணீர் ட்ரூடியின் தலையில் சொட்டியது. அவளுக்கும் ஊர்க்கதை எல்லாம் தெரிந்திருந்தது. தான் கேட்ட ரெண்டு வார்த்தையால் வந்ததுதான் இத்தனையும் என்றும் தெரிந்திருந்தது. "மழதான்க்கா" என்றாள்.

வெர்டா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "பொய் சொல்ற" என்றாள். இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள்.

மாதக் கடைசியில் கிளோவிஸ் வந்தார். இந்த முறை தொப்பி போட மறந்திருந்தார்.

"மழ பெஞ்சுதான்னு கேக்குறா. தெனமும் கேக்குறா."

"என்ன சொன்னீங்க?"

"இல்லன்னேன். அவகிட்ட நான் பொய் சொன்னா கண்டுபுடிச்சிடுவா." தொப்பி இல்லாத தலையைத் தடவினார். "இன்னும் ரொம்ப நாள் இல்ல வெர்டா. கண்ணுல படாம வரலாம்னு ஒரு வழி சொல்லி அனுப்பினா."

வெர்டா போனபோது ஓலீட்டா கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணைச் சுற்றிப் பாத்திரம் துடைக்கிற நீலக்கட்டத் துணி. தலைக்குப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. வெர்டா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"யாரு?"

"நர்ஸ்" என்றார் கிளோவிஸ்.

"நர்ஸ் கையில மண்ணு இருக்கு."

"தோட்டம் இருக்குற நர்ஸ்" என்றார் கிளோவிஸ்.

ஓலீட்டாவின் வாய்க்கோடி கொஞ்சம் ஏறியது. "பரவால்ல, அமைதியான பொம்பள. என் சிநேகிதியா இருந்தா இந்நேரம் என் காது கழண்டு விழுந்திருக்கும்."

வெர்டா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை ஈரமானது. ஓலீட்டா விரலால் அந்த முகத்தை மெல்லத் தடவிப் பார்த்தாள். மூக்கு, தாடை, மூடியிருந்த வாய். வாயில் வந்ததும் விரல் நின்றது, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"மழ வந்துடும் நர்ஸ்" என்றாள். "வந்ததும் துணிய அவுத்து விடு."

மூன்று நாள் வெர்டா அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பகலெல்லாம் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி நீலமாக இருந்தது. சாவதற்கு முந்தைய மாலை துணியை அவிழ்த்துவிடலாம் என்று வெர்டா முடிச்சில் கை வைத்தாள். ஓலீட்டா தலையை நகர்த்திக்கொண்டாள். "செடி செத்துடும்டி" என்றாள், 'டி' போட்டு, நர்ஸிடம். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவளைச் சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால்தான் துணியை அவிழ்த்தார்கள்.

அடக்கத்தில் போதகர் வெர்டாவைப் பேசக் கூப்பிட்டார். ஊரே வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. சிலர் மதியச் சாப்பாட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வெர்டா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். இன்னும் மேகமில்லாத வானத்தைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

புதைத்த மறுவாரம், வெர்டா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. இலைகளில் தடதடவென்று, தகரக் கூரையில் கல் எறிந்த மாதிரி. அவள் துணியை எடுக்கவில்லை. பாத்திக்குப் போய், புது மண் கறுத்து ஊறுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு நனைந்தபடியே அரை மைல் ஏறினாள். கிளோவிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பெஞ்சிடுச்சு" என்றார்.

"ஆமாண்ணே."

இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நாய் வந்து நடுவில் படுத்தது. மழை நிற்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

டிசம்பரில் வெர்டா தனியாக டவுனுக்குப் போனாள். ட்ரூடி சங்கத்தில் பேசி விதியைத் தளர்த்தி வைத்திருந்தாள். "ரெண்டாவது கையெழுத்துக் கோட்ட அடிச்சிடவா அக்கா?"

"அடிக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தன் பெயரை எழுதிவிட்டு வெளியே வந்தாள். ஒரு ஹாட்டாக் வாங்கினாள். பாதிதான் இறங்கியது.

ஏப்ரலில் மஞ்சள்வேர் முளைத்தது. நட்டதில் ஒன்றுகூடத் தவறவில்லை. நடாததும் முளைத்தது. பாதையில் முளைத்தது, படிக்கட்டு இடுக்கில் முளைத்தது, பிக்கப்பின் பின்தட்டில் ஒட்டியிருந்த மண்ணிலும் ரெண்டு இலை விட்டது. அப்படி ஒரு முளைப்பை ஸ்பைசர் பள்ளத்தாக்கு கண்டதில்லை. ஊர்ப் பெண்கள் வந்து பார்த்து, நன்றி திரும்பிவிட்டது என்று தலையாட்டிக்கொண்டு போனார்கள். வெர்டா ஒரு கொத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மூஞ்சி மாதிரியே இருக்கு" என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஜூனில் கூட்டம் நடந்தது. முன்னூறு பேர். செடிக்கடை முதல் நாளே காலியானது. கடன் அடைந்தது. சமையலுக்குப் பெரிய கூடாரம், கித்தான் புதிது. அடுப்புக்கு நகரத்திலிருந்து வந்த ஒரு பெண் நின்றாள். நல்ல கைப்பக்குவம். பீன்ஸைத் தின்றவர்கள் எல்லோரும், இத்தனை வருடத்தில் இப்படி அளவாக உப்புப் போட்டுச் சாப்பிட்டதே இல்லை என்று சொன்னார்கள். மான்கள் அன்றிரவு எட்டிப் பார்க்கவில்லை.

வெர்டா கூடாரத்தின் கடைசி மேசையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். உப்புக் குப்பியை எடுத்துத் தட்டினாள். இன்னொரு வாய். இன்னும் தட்டினாள். பிறகு மூடியைத் திருகிக் கழற்றி அப்படியே கவிழ்த்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த ட்ரூடி, "அக்கா, அது வாயில வைக்க முடியாது" என்றாள்.

வெர்டா கரண்டியால் கலக்கினாள். ஒரு வாய் எடுத்து மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாடை வரைக்கும் வந்து கிண்ணத்திலேயே விழுந்தது.

"இப்பதான் கிட்ட வருது" என்றாள். அந்தக் கிண்ணத்தை முடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் வாங்க எழுந்து போனாள்.